சிறுநீரகத்தை அளந்த கதை: இரத்த அழுத்தத்தின் வரலாற்றில் மறக்கப்பட்ட ஒரு கேள்வி

புலம்பெயர்ந்த எம்மவரில் நாற்பது வயதைத் தாண்டிய நாலுபேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு அரசியலில் தொடங்கிப் பிறசரில் வந்து நிற்பதைக் காணலாம். யாருக்கு எவ்வளவு, யார் எந்தக் குளிசை எடுக்கிறார், யார் உப்பைக் குறைத்திருக்கிறார் என்பதெல்லாம் அங்கே வெளிப்படையாகப் பேசப்படும். இந்தப் பேச்சில் சிறுநீரகம் இடம்பெறுவது அரிது. இடம்பெற்றாலும், "கிட்னி எல்லாம் ஓகே, கிரியேற்றினின் நோர்மல் எண்டு டொக்டர் சொன்னவர்" என்ற ஒரு வசனத்தோடு முடிந்துவிடும்.

இக்கட்டுரை அந்த ஒரு வசனத்தைப் பற்றியது. "நோர்மல்" என்ற சொல் எங்கிருந்து வந்தது? எவருடைய உடலை அளந்து அது வகுக்கப்பட்டது? இரத்த அழுத்தம் உள்ள ஒருவரின் சிறுநீரகத்தை அளப்பது ஏன் இருநூறு வருடங்களாக ஒரு சிக்கலாகவே இருந்து வருகிறது?

நான் வைத்தியன் அல்ல. ஊரில் இருந்த காலத்தில் வரலாறு படிப்பித்தவன். இன்று ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டுபவன். எவருக்கும் மருந்து சொல்ல நான் இங்கு முற்படவில்லை. ஆனால் ஆட்சிகளுக்கும் எல்லைகளுக்கும் வரலாறு இருப்பது போலவே, இரத்தப் பரிசோதனைத் தாளில் அச்சாகி வரும் எண்களுக்கும் வரலாறு உண்டு. அந்த எண்களைக் கொண்டு எமது உடல்கள் தீர்மானிக்கப்படுகின்றன என்றால், அவற்றின் பிறப்பை விசாரிக்கும் உரிமை எமக்கும் உண்டு.

1. கரண்டியும் மெழுகுதிரியும்

சிறுநீரகம் ஊமை உறுப்பு. பல் வலிக்கும், வயிறு வலிக்கும், இருதயம் அடித்துக்கொள்வது காதுக்கே கேட்கும். சிறுநீரகமோ தன் வேலையில் பாதிக்கு மேல் இழந்த பின்னும் சத்தமின்றி இருக்கும். ஆகவே அதன் நிலையை அறிவதென்றால் வெளியே வருகின்ற ஒன்றை வைத்துத்தான் உள்ளே நடப்பதை ஊகிக்க வேண்டும். சிறுநீரக மருத்துவத்தின் முழு வரலாறும் இந்த ஊகத்தின் வரலாறுதான்.

சில நோயாளரின் சிறுநீரைச் சூடாக்கினால் முட்டை வெள்ளை போல உறைகிறது என்பதை இத்தாலியரான டொமெனிக்கோ கொற்றுன்யோ 1764இலேயே எழுதியிருந்தார். ஆனால் அந்த உறைவை ஒரு குறிப்பிட்ட உறுப்போடு முறையாக இணைத்துக் காட்டியவர் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த றிச்சர்ட் பிறைற் (1789-1858). உடல் வீங்கி வந்த நோயாளரின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுதிரிச் சுவாலையில் காய்ச்சுவார். உறைந்தால் அதில் அல்புமின் என்ற புரதம் இருக்கிறது. அந்நோயாளர் இறந்தபின் உடலைத் திறந்து பார்ப்பார். சிறுநீரகம் சுருங்கிச் சொரசொரப்பாக இருக்கும். வீக்கம், உறையும் சிறுநீர், பழுதான சிறுநீரகம் ஆகிய மூன்றும் ஒரே நோயின் முகங்கள் என்பதை 1827இல் வெளியிட்ட நூலில் அவர் நிறுவினார். அந்நோய் நூறு வருடங்களுக்கு மேலாக அவரது பெயராலேயே "பிறைற்றின் நோய்" என வழங்கப்பட்டது.

எமது விடயத்துக்கு முக்கியமானது அவர் 1836இல் எழுதிய கட்டுரை. நூறு நோயாளரின் விபரங்களை அட்டவணையிட்ட பிறைற், பலருக்கு இருதயத்தின் இடது பக்கம் தடித்துப் பெருத்திருப்பதையும், அவர்களுள் பலருக்கு இருதய வால்வுகளில் எந்தப் பழுதும் இல்லாதிருப்பதையும் கண்டார். வால்வு பழுதில்லையென்றால் இருதயம் ஏன் இவ்வளவு கடினமாக உழைத்திருக்க வேண்டும்? சிறுநீரகம் பழுதானதால் கெட்டுப்போன இரத்தம் இருதயத்தைத் தூண்டியிருக்கலாம். அல்லது மிக நுண்ணிய குழாய்களூடாக இரத்தத்தைத் தள்ளுவதற்குக் கூடுதல் விசை தேவைப்பட்டிருக்கலாம் என அவர் எழுதினார். இரத்த அழுத்தத்தை மனிதரில் அளக்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில் எழுதப்பட்டது இது. சிறுநீரகத்துக்கும் அழுத்தத்துக்கும் இடையிலான உறவு முதன்முதலாக இங்கேதான் தெளிவாக முன்வைக்கப்பட்டது. பிறைற்றின் பார்வையில் வரிசை இதுதான்: முதலில் சிறுநீரகம் கெடுகிறது, பின்னர் இருதயம் சுமக்கிறது.

2. மஹமட்டின் கேள்வி

இந்த வரிசையைக் கேள்விக்குள்ளாக்கியவர் அதே கைஸ் ஆஸ்பத்திரியில் படித்த பிரெடெரிக் அக்பர் மஹமட் (1849-1884). பெயரைக் கண்டு வாசகர் வியப்படையலாம். அவரது பாட்டனார் பட்னாவில் பிறந்த ஷேக் டீன் மஹமட். கிழக்கிந்தியக் கம்பனியின் படையில் இருந்து 1784இல் அயர்லாந்துக்குப் புலம்பெயர்ந்தவர்; 1794இல் ஆங்கிலத்தில் தன் பயண நூலை வெளியிட்டவர்; 1810இல் லண்டனில் இந்திய உணவுச்சாலை ஒன்றைத் திறந்து, அது கைகூடாமற் போகவே பிறைற்றன் நகரில் நீராவிக் குளியல் நிலையம் நடத்திப் புகழடைந்தவர். அந்தக் குடும்பத்தின் மூன்றாவது தலைமுறையினர்தான் பிரெடெரிக்.

நாடியின் அசைவைப் புகைபடிந்த தாளில் கோடாக வரையும் கருவியொன்றைப் பிரான்சின் மரே 1860இல் ஆக்கியிருந்தார். மஹமட் மாணவப் பருவத்திலேயே அதைத் திருத்தி, நாடியின் மீது எவ்வளவு அழுத்தம் கொடுக்கப்படுகிறது என்பதை அளந்து மாற்றக்கூடியதாகச் செய்தார். இன்றைய மில்லிமீற்றர் அளவுக்கு அது ஈடாகாது. எனினும் ஒரு நாடி எவ்வளவு இறுக்கமானது என்பதை விரல் நுனியின் அனுபவத்திலிருந்து பிரித்துத் தாளுக்குக் கொண்டுவந்தது அது.

லண்டன் காய்ச்சல் ஆஸ்பத்திரியில் வேலை செய்தபோது, செங்காய்ச்சல் கண்ட நோயாளரின் நாடியை அவர் நாளாந்தம் வரைந்தார். செங்காய்ச்சலின் பின் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும். அவர்களது சிறுநீரில் அல்புமின் தோன்றுவதற்கு முன்னரே நாடியின் இறுக்கம் கூடிவிடுவதைக் கண்டார். இதனை 1874இல் வெளியிட்டு, "அல்புமினுக்கு முந்திய கட்டம்" என ஒன்று உண்டு என வாதிட்டார். பின்னர் 1879இலும் 1881இலும் எழுதிய கட்டுரைகளில் இன்னும் ஒரு படி முன்சென்றார்: வெளிப்பார்வைக்குச் சுகதேகிகளாக நடமாடும் பலரிடமும் இந்த உயர் அழுத்தம் இருக்கிறது, அவர்களது சிறுநீரில் அல்புமின் இல்லை, ஆனால் பாரிசவாதமோ, இருதயப் பழுதோ, ஈற்றில் சிறுநீரகச் சிதைவோ அவர்களைக் காத்திருக்கிறது.

இதன் பொருள், பிறைற்றின் கரண்டி காட்டுவது கதையின் கடைசி அத்தியாயத்தை. முதல் அத்தியாயம் இரத்தக் குழாய்களில் எழுதப்படுகிறது. அழுத்தம் முன்னதாகவும் சிறுநீரகம் பின்னதாகவும் இருக்கமுடியும்.

1884இல், 35ஆவது வயதில், மஹமட் நெருப்புக் காய்ச்சலால் இறந்தார். அவரது கண்டுபிடிப்பும் அவருடனேயே பாதி புதைந்தது எனலாம். அதற்கு அவரது இளவயது மரணம் மட்டும் காரணமல்ல. தான் கண்ட புதிய நோய்க்கு அவர் புதிய பெயர் வைக்கவில்லை. "அல்புமின் இல்லாத பிறைற்றின் நோய்" என்றே எழுதினார். பழைய பெயருக்குள் புதிய கருத்து ஒளிந்துபோனது. சாதாரண உயர் இரத்த அழுத்தத்தை முதலில் தனித்து இனங்கண்டவர்களுள் ஒருவர் என்ற இடத்தை 1990களில் சில வைத்திய வரலாற்றாளர் அவருக்கு மீட்டுக் கொடுத்தனர். ஒரு புலம்பெயர்ந்தவரின் பேரன் என்பதற்காக நாம் அவரைக் கொண்டாடவேண்டியதில்லை. அவர் எழுப்பிய கேள்வி சரியானது என்பதற்காக நினைவுகொள்ள வேண்டும்: எது முதல், எது பின்?

3. கைப்பட்டி வந்த பிறகு

1896இல் இத்தாலியின் ரூறினில் ரீவா-ரொச்சி கையில் சுற்றும் பட்டியையும் இரசக் கம்பத்தையும் கொண்ட கருவியை அறிமுகப்படுத்தினார். 1905இல் ரஷ்யரான கொறொற்கொவ், பட்டியை மெல்லத் தளர்த்தும்போது நாடியில் கேட்கும் ஒலிகளைக் கொண்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பிரித்தார். அழுத்தம் ஓர் எண்ணாயிற்று. எண்ணானதும் அது சிறுநீரகத்திலிருந்து பிரிந்து தனி வாழ்க்கை வாழத் தொடங்கியது.

1911இல் ஜேர்மனியரான எபர்ஹார்ட் பிராங்க், காரணம் அறியப்படாத உயர் அழுத்தத்துக்கு "எசென்ஷியல்" என்ற அடைமொழியைச் சூட்டினார். தானே மூலமானது என்ற கருத்தில் அது இடப்பட்டது. ஆனால் ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு "இன்றியமையாத" என்ற பொருளும் இருந்தது. தடித்த குழாய்களூடாகச் சிறுநீரகத்துக்கு இரத்தம் போய்ச் சேர இந்த அழுத்தம் தேவைதான், அதைக் குறைப்பது ஆபத்து என்று பெரிய வைத்தியர்களே பல பத்தாண்டுகள் நம்பினர். ஒரு சொல் எவ்வளவு உயிர்களைத் தாமதப்படுத்த முடியும் என்பதற்கு இது உதாரணம். அழுத்தத்தைக் குறைப்பதால் நன்மையே உண்டு என்பது 1967, 1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் முன்னாள் படையினர் ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வுகளோடுதான் ஐயமின்றி நிறுவப்பட்டது.

இதற்கிடையில் பிறைற்றின் பக்கத்துக்கும் சான்றுகள் சேர்ந்தன. 1898இல் சுவீடனில் ரிகர்ஷ்டெற், பேர்க்மன் என்போர் முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றைச் செலுத்தினால் அழுத்தம் உயர்வதைக் கண்டு, அதிலுள்ள பொருளுக்கு "ரெனின்" எனப் பெயரிட்டனர். நெடுங்காலம் அதை எவரும் கண்டுகொள்ளவில்லை. 1934இல் அமெரிக்காவின் கிளீவ்லன்டில் ஹரி கோல்ட்பிளாற், நாய்களின் சிறுநீரக நாடியை ஒரு சிறு வெள்ளிக் கவ்வியால் நெரித்தார். அழுத்தம் ஏறியது, ஏறியபடியே நின்றது. இரத்தம் போதாத சிறுநீரகம், முழு உடலின் அழுத்தத்தையும் உயர்த்தித் தனக்கு வேண்டியதைப் பெற முயல்கிறது என்பது அதன் பாடம்.

அப்படியானால் பிறைற் சரியா, மஹமட் சரியா? இருவரும் சரி. உயர் அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடித்து நொருக்குகிறது. நொருங்கிய சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்ற மாட்டாமல், ரெனினையும் சுரந்து, அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. இது ஒரு வட்டம். வட்டத்தில் எங்கே நிற்கிறோம் என்பதைக் கைப்பட்டியின் எண் மட்டும் ஒருபோதும் சொல்லாது. அதனாற்றான் பிறசர் உள்ளவரின் சிறுநீரகத்தை அளக்க வேண்டியிருக்கிறது.

4. வடிகட்டியை அளத்தல்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண் வடிகட்டிகள் உள்ளன. சுகதேகி ஒருவரில் இவையெல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் திரவத்தை வடிக்கின்றன. அதில் ஒன்றிரண்டு லீற்றர் தவிர மீதியெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. ஆகவே எவ்வளவு சிறுநீர் போகிறது என்பதைப் பார்த்து, எவ்வளவு வடிகிறது என்பதைச் சொல்ல முடியாது. "எனக்குச் சலம் நல்லாப் போகுது, கிட்னியிலை ஒரு பிழையுமில்லை" என்ற எம்மவரின் வாதம் இவ்விடத்தில் அடிபட்டுப் போகிறது.

தசைகளில் நாளாந்தம் உண்டாகி இரத்தத்தில் கலந்து சிறுநீரோடு வெளியேறும் கழிவுப்பொருள் கிரியேற்றினின். அதனோடு பிக்ரிக் அமிலத்தைச் சேர்த்தால் செம்மஞ்சள் நிறம் தோன்றும் என்பதை 1886இல் மக்ஸ் யாஃபே கண்டார். நிறத்தின் செறிவைக் கொண்டு அதன் அளவைக் கணிக்கும் முறையை ஒற்றோ ஃபோலின் 1904இல் ஆக்கினார். 1926இல் கொப்பன்ஹேகனில் போல் பிரான்ற் ரேபேர்க், கிரியேற்றினினைத் தானே விழுங்கித் தன் இரத்தத்திலும் சிறுநீரிலும் அதை அளந்து, வடிகட்டல் வீதத்தைக் கணக்கிட்டார்.

அடுத்த இரு வருடங்களில் நியூயோர்க்கின் றொக்ஃபெலர் நிறுவனத்தில் மோலர், மக்கின்ரொஷ், வான் ஸ்லைக் என்ற மூவர், ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரத்தம் துப்புரவாக்கப்படுகிறது என்ற எண்ணக்கருவை யூரியாவை வைத்து உருவாக்கினர். ஆனால் பெரிய உடலுக்குப் பெரிய சிறுநீரகம், சிறிய உடலுக்குச் சிறியது. எப்படி ஒப்பிடுவது? எல்லோரையும் ஒரே உடற் பரப்புக்கு மாற்றிக் கணக்கிடத் தீர்மானித்தனர். அதற்கு அவர்கள் எடுத்தது 1.73 சதுர மீற்றர். அக்கால அமெரிக்காவின் 25 வயது ஆண்களதும் பெண்களதும் சராசரிப் பரப்பு அது.

உங்கள் கையிலுள்ள பரிசோதனைத் தாளைப் பாருங்கள். வடிகட்டல் வீதம் என்ற இடத்தில் அந்த 1.73 இன்றும் அச்சாகியிருக்கும். 150 சென்ரிமீற்றர் உயரமும் 45 கிலோ நிறையும் உள்ள எமது அம்மா ஒருவரின் உடற் பரப்பு ஏறத்தாழ 1.37 சதுர மீற்றர். அவரது தாளில் 50 என்று இருந்தால், அவரது சிறுநீரகங்கள் உண்மையில் வடிப்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 மில்லிலீற்றர். சிறிய உடலுக்குத் தேவையும் குறைவு என்பதால் நோயின் கட்டத்தைத் தீர்மானிப்பதில் இது பெரும் பிழையல்ல. ஆனால் சிறுநீரகத்தினூடாக வெளியேறும் மருந்துகளின் அளவைத் தீர்மானிக்கும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிறது. தொண்ணூறு வருடங்களுக்கு மேலாக உலகம் முழுவதும் நியூயோர்க்கில் தெரிவுசெய்யப்பட்ட ஒரு கற்பனை உடலை நாம் இரவல் வாங்கி அணிந்துகொண்டிருக்கிறோம்.

5. ஒரே எண், இரு உடல்கள்

24 மணிநேரச் சிறுநீரைப் போத்தலில் சேர்ப்பது எல்லோருக்கும் இயலாத காரியம். ஆகவே இரத்தத்திலுள்ள கிரியேற்றினினை மட்டும் வைத்து வடிகட்டல் வீதத்தை மதிப்பிடும் சூத்திரங்கள் தேடப்பட்டன. 1976இல் கனடாவில் கொக்றொஃப்ற், கோல்ற் என்ற இருவர் வெளியிட்ட சூத்திரம் உலகெங்கும் பரவியது. அது 249 ஆண்களின் தரவுகளிலிருந்து பெறப்பட்டது. பெண்களுக்கு? ஆண்களின் விடையில் 15 வீதத்தைக் கழித்துவிடும்படி கூறப்பட்டது. தசை குறைவு என்ற அனுமானம்தான் அடிப்படை.

குறைகள் இருந்தும் இச்சூத்திரம் ஒரு பெரிய உண்மையை வெளிச்சமாக்கியது. ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். 30 வயது, 80 கிலோ நிறையுள்ள ஓர் இளைஞன். 70 வயது, 45 கிலோ நிறையுள்ள ஒரு தாய். இருவருக்கும் இரத்தக் கிரியேற்றினின் 1.1 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். சூத்திரத்தில் இட்டால் இளைஞனுக்கு நிமிடத்துக்கு 111 மில்லிலீற்றர் வருகிறது. தாய்க்கு வருவது 34. முன்னவர் சுகதேகி. பின்னவர் சிறுநீரகத்தின் பெரும்பகுதியை இழந்தவர். தாளில் இருவருக்கும் ஒரே எண். பல இடங்களில் இருவருக்கும் ஒரே சொல்: "நோர்மல்".

ஒரே ஆளில்கூட இந்த ஏமாற்று நடக்கும். வடிகட்டல் பாதியாகக் குறைந்தால் கிரியேற்றினின் ஏறத்தாழ இருமடங்காகும். 0.6இல் இருந்தவருக்கு அது 1.2 ஆகும்போது, வழக்கமான எல்லைக்குள்ளேயேதான் இருக்கிறார். பாதிச் சிறுநீரகம் போய்விட்டது. ஆகவே ஒரு தாளைத் தனித்துப் பார்ப்பதிலும், சென்ற வருடத் தாளையும் அதற்கு முந்திய வருடத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே பயன் தரும். பழைய தாள்களை எறிந்துவிடாதீர்கள் என்பது ஒரு வரலாற்று மாணவனின் வேண்டுகோளாகவும் இருக்கட்டும்.

1999இல் அமெரிக்காவில் 1628 நோயாளரின் தரவுகளைக் கொண்டு இன்னொரு சூத்திரம் வந்தது. அதில் வயது, பால் என்பவற்றோடு இனமும் நுழைந்தது. கறுப்பினத்தவர் என்றால் விடையை ஏறத்தாழ 1.2ஆல் பெருக்க வேண்டும். 2009இல் வந்த திருத்திய சூத்திரத்திலும் இது 1.16 அளவில் தொடர்ந்தது. கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணம். விளைவு என்ன? ஒரே வயது, ஒரே பால், ஒரே கிரியேற்றினின் கொண்ட இருவரில் கறுப்பரின் சிறுநீரகம் காகிதத்தில் நலமாகத் தெரிந்தது. அமெரிக்காவில் வடிகட்டல் 20க்குக் கீழே வந்தபின்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் எண்ணப்படத் தொடங்கும். கறுப்பர் அந்த வரிசைக்குப் பிந்தியே வந்து சேர்ந்தனர். மருத்துவ மாணவர்கள் எழுப்பிய எதிர்ப்புக்களின் பின் சில ஆஸ்பத்திரிகள் 2017இலிருந்து இப்பெருக்கத்தைக் கைவிட்டன. 2021இல் இனம் இல்லாத புதிய சூத்திரம் வெளியிடப்பட்டது. 2023 ஜனவரியிலிருந்து, பாதிக்கப்பட்ட கறுப்பின நோயாளரின் காத்திருப்புக் காலத்தைத் திருத்திக்கொடுக்கும் விதி அங்கு நடைமுறைக்கு வந்தது.

இதே மக்களிடமிருந்து மஹமட்டின் கேள்வியும் மீண்டும் எழுந்தது. கறுப்பின நோயாளரின் சிறுநீரகம் செயலிழந்தால், "பிறசரால் வந்தது" என்று கோப்பில் எழுதி மூடுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2010இல், மேற்கு ஆபிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் ஒரு மரபணு மாற்றம் இந்நோய்க்கு வலுவான காரணம் என்பது கண்டுபிடிக்கப்பட்டது. பலரில் சிறுநீரகமே முதலில் கெட்டிருக்கிறது; அழுத்தம் பின்னால் வந்திருக்கிறது. "எது முதல்" என்று கேளாமல் விட்டதன் விலை அது.

எம்மைப் பற்றி என்ன? இச்சூத்திரங்களை ஆக்கிய தரவுகளில் தெற்காசியர் மிகச் சொற்பம். 2014இல் கராச்சியில் நடந்த ஆய்வு, அப்போதைய சூத்திரம் அங்குள்ளவர்களின் வடிகட்டலை உண்மையிலும் கூட்டிக் காட்டுவதைக் கண்டது. இதை வைத்து எமக்கும் ஒரு பெருக்கெண் வேண்டும் எனச் சிலர் வாதிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மரக்கறி மட்டும் உண்ணும் மெலிந்த ஆசிரியரையும், மீன்பிடித் தொழிலில் உரமேறிய ஒருவரையும் "தெற்காசியர்" என்ற ஒரே எண்ணால் பெருக்குவது, கறுப்பருக்குச் செய்த பிழையை எமது கையால் எமக்கே செய்வதாகும். சந்தேகம் வரும் இடத்தில் தசையோடு அதிகம் தொடர்பில்லாத வேறொரு பொருளை அளப்பதே நேர்மையான வழி. சிஸ்ராற்றின் சி என்ற புரதம் அத்தகையது. சுவீடனின் லுண்ட் நகர ஆய்வாளர் 1980களில் அதனை முன்னெடுத்தனர். புகைத்தல், தைரொயிட் கோளாறு, ஸ்ரீரொயிட் மருந்துகள் அதையும் குழப்பும். ஆனாலும் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும்போது மதிப்பீடு கூடுதல் நம்பகமானதாகிறது.

6. முந்திய கட்டத்தின் மீள்வருகை

மஹமட் தேடிய "அல்புமினுக்கு முந்திய கட்டம்" உண்மையில் அல்புமினே இல்லாத கட்டமா? இதற்கு விடை கிடைக்க எண்பது வருடங்களுக்கு மேலாயிற்று. கரண்டியிலும், பின்னாளில் வந்த நிறம்மாறும் தாள் துண்டிலும் தென்படாத அளவு நுண்ணிய அல்புமினை அளக்கும் முறையை 1963இல் ஹரி கீன், க்ளுவெராக்கிஸ் என்போர் வெளியிட்டனர். அது நடந்ததும் கைஸ் ஆஸ்பத்திரியிலேயே. முதலில் அது சலரோகக்காரருக்கே பயன்பட்டது. 1974இல் டென்மார்க்கின் பார்விங்கும் சகாக்களும், சாதாரண உயர் அழுத்தம் உள்ளவர்களின் சிறுநீரிலும் இந்த நுண் அல்புமின் கூடியிருப்பதைக் காட்டினர். கரண்டிக்கு எட்டாத இடத்தில் கசிவு முன்னரே தொடங்கியிருந்தது.

இன்று இதற்கு 24 மணிநேரப் போத்தல் தேவையில்லை. காலைச் சிறுநீர் கொஞ்சம் போதும். அதிலுள்ள அல்புமினைக் கிரியேற்றினினோடு ஒப்பிட்டு விகிதம் கணிக்கப்படும். ஒரு கிராம் கிரியேற்றினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அல்புமின் இருந்தால் கவனிக்க வேண்டும். 300க்கு மேல் போனால் கசிவு கடுமையானது. இந்த எண் சிறுநீரகத்துக்கு மட்டும் உரியதல்ல. வடிகட்டியின் குழாய்கள் கசிகின்றன என்றால் இருதயத்தினதும் மூளையினதும் குழாய்களும் நலமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவேதான் 2012இல் வந்த சர்வதேச வழிகாட்டல், வடிகட்டல் வீதத்தை ஓர் அச்சாகவும் அல்புமினை மற்ற அச்சாகவும் வைத்து நோயின் கட்டத்தைத் தீர்மானித்தது. இரண்டில் ஒன்றாவது மூன்று மாதங்களுக்குக் குறையாமல் பிழையாக இருந்தாலே அது நாட்பட்ட நோய் எனப்படும்.

இரண்டும் ஏன் வேண்டும் என்பதற்கு எமது தீவிலேயே சான்று இருக்கிறது. 1990களிலிருந்து இலங்கையின் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே பரவிய காரணமறியாச் சிறுநீரக நோயில், ஆரம்பத்தில் பெரும்பாலும் உயர் அழுத்தமும் இருக்காது, சிறுநீரில் அல்புமினும் சொற்பமாகவே இருக்கும். அங்கே இரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். பிறசர்க்காரர் பலரில் மறுதலை: கிரியேற்றினின் அசையாமல் இருக்கும்போதே அல்புமின் கசியத் தொடங்கிவிடும். ஒன்று தவறவிடுவதை மற்றது பிடிக்கிறது. ஆனால் வசதிபடைத்த நாடுகளிலும் பிறசர் நோயாளருக்குக் கிரியேற்றினின் பார்க்கப்படும் அளவுக்கு அல்புமின் பார்க்கப்படுவதில்லை. 1827இல் ஒரு கரண்டியும் மெழுகுதிரியும் கொண்டு செய்யப்பட்ட சோதனை, இன்று சோம்பலினால் விடுபட்டுப்போகிறது.

7. தலையிடித் தூளும் தொழிலாளியும்

இவ்வரலாற்றில் தொழிற்சாலைக்கும் ஓர் இடமுண்டு. 1918இல் பெரும் இன்ஃபுளுவென்சா பரவியபோது, சுவீடனின் ஹுஸ்க்வார்னா என்ற தொழிற்சாலை நகரில் யோர்ற்றொன் என்ற வைத்தியர் பெனசெற்றின், பெனசோன், கஃபேன் மூன்றும் கலந்த தூளொன்றைக் கொடுத்தார். காய்ச்சல் போனது, தூள் போகவில்லை. தலையிடிக்கும், களைப்புக்கும், வேலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவும் தொழிலாளர் பல பத்தாண்டுகள் அதை உட்கொண்டனர். சுவிற்சர்லாந்தின் மணிக்கூட்டுத் தொழிலாளர் மத்தியிலும் இவ்வகை மருந்துப் பழக்கம் இருந்தது. அங்கே 1953இல் ஷ்பூலர், ஸொலிங்கர் என்போர் அதனைச் சிறுநீரகச் சிதைவோடு இணைத்து எழுதினர். ஹுஸ்க்வார்னாத் தொழிலாளரின் மரணங்களை ஆராய்ந்த கிரிம்லுன்டின் ஆய்வு 1963இல் வெளிவந்தது. நாற்பத்தைந்து வருடங்கள்! அவ்வளவு காலமும் அந்தச் சிறுநீரகங்கள் பேசவில்லை, எவரும் அளக்கவுமில்லை.

பெனசெற்றின் இன்று சந்தையில் இல்லை. ஆனால் நாரி நோவோடு இரவு வேலைக்குப் போகும் எம்மவரின் சட்டைப்பையில் இபுப்ரோஃபனும் டைக்ளோஃபெனக்கும் இருக்கின்றன. இவை அழுத்தத்தை ஏற்றும். வடிகட்டிக்குள் இரத்தம் நுழையும் குழாயைச் சுருக்கும். பிறசருக்குக் கொடுக்கப்படும் ஒருவகைக் குளிசைகள் வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகின்றன. வேறொரு வகை உடலின் நீரைக் குறைக்கிறது. மூன்றும் ஒன்றுசேர்ந்தால், வடிகட்டலுக்குத் தேவையான விசை ஒரேயடியாக விழுந்துவிடக்கூடும். நோக்குளிசையைக் கடையில் வாங்குகிறோம். அதனால் டொக்டரிடம் சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை.

இன்னுமொன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பிறசர்க் குளிசையைத் தொடங்கியதும் கிரியேற்றினின் சற்று ஏறலாம். 30 வீதத்துக்குள் ஏறி நின்றுவிட்டால் பொதுவாக அது பழுதின் அடையாளமல்ல. வடிகட்டியின் மீதிருந்த சுமை இறங்கியதன் அடையாளம். "குளிசை கிட்னியைப் பழுதாக்குது" என்று தாமாகவே அதை நிறுத்தியவர்களை நான் அறிவேன். அப்படி நிறுத்துவது, இன்றியமையாத அழுத்தம் என்ற 1911ஆம் ஆண்டின் மயக்கத்துக்கே திரும்பிப் போவதாகும்.

8. முடிவாக

இருநூறு வருட வரலாற்றைச் சுருக்கிச் சொன்னால், சிறுநீரகத்தை அறிவதில் ஏற்பட்ட ஒவ்வொரு முன்னேற்றமும், அதுவரை போதுமென்று கருதப்பட்ட ஓர் அடையாளத்தைச் சந்தேகித்ததால் வந்தது. வீக்கம் போதாதென்று பிறைற் கரண்டியை எடுத்தார். கரண்டி போதாதென்று மஹமட் நாடியை வரைந்தார். கிரியேற்றினின் மட்டும் போதாதென்று சூத்திரங்கள் வந்தன. சூத்திரத்துக்குள் ஒளிந்திருந்த இனத்தை மாணவர்கள் கேள்விகேட்டனர். சந்தேகிக்கும் இந்த மரபை வைத்தியர்களிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கி நிற்க முடியாது. மொழி தெரியாத நாட்டில், மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், பத்து நிமிடத்தில் முடியும் சந்திப்பில், "நோர்மல்" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வருபவர்கள் நாம். அச்சொல் எமது உடலை அளந்து சொல்லப்பட்டதா என்பதைக் கேட்க வேண்டியவர்களும் நாமே.

கேட்க வேண்டியவை மூன்று. எனது வடிகட்டல் வீதம் என்ன, சென்ற வருடத்தோடு ஒப்பிட்டால் எப்படி? எனது சிறுநீரில் அல்புமின் விகிதம் பார்க்கப்பட்டதா? நான் எடுக்கும் நோக்குளிசை இவற்றோடு ஒத்துப்போகுமா? மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோகலாம்.

இங்கு நான் முன்வைத்த கருத்துக்களில், தெற்காசியருக்கெனத் தனிப் பெருக்கெண் வேண்டாம் என்பது விவாதத்துக்குரியது என்பதை அறிவேன். மருத்துவத் துறையில் உள்ள வாசகர்கள் மாற்றுக் கருத்தை இந்தப் பக்கங்களிலேயே எழுதினால் எல்லோருக்கும் பயன்.